காபி பாதிக் கப்தான் விழுகிறதா? பாட் மெஷின் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

பாட் (ஒரு கப்புக்கான காபித்தூள் அடைத்த சின்னக் குப்பி) போட்டு, பொத்தானை அழுத்தி, ஒரு கப் காபி எடுக்கும் மெஷின்களில் முக்கால்வாசி பழுதாகிக் குப்பைக்குப் போவதில்லை. அடைத்துக்கொண்டுதான் போகின்றன. ஊசி முனையில் கொஞ்சம் காபித்தூள், குழாயில் உப்புப் படிவு, பம்பில் சிக்கிய காற்று என ஏதோ ஒன்றால் நின்றுபோன மெஷினைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குகிறார்கள். பார்க்க வருத்தமாக இருக்கும். ஒரு பேப்பர் கிளிப்பும் கொஞ்சம் சிட்ரிக் ஆசிட்டும் இருந்தால் அந்தச் செலவு மிச்சம்.

இங்கே முக்கியமாகச் சொல்லப்போவது கே-கப் என்ற பாட் போடும் கியூரிக் வகை மெஷினைப் பற்றி. அமெரிக்காவில் 1998-இல் அலுவலகங்களுக்காக வந்து, 2004-இல் வீடுகளுக்குள் நுழைந்த வகை இது. கே-கப்பின் முக்கியக் காப்புரிமைகள் 2012-இல் முடிந்துவிட்டதால் இப்போது வேறு பல நிறுவனங்களும் அதே பாட் போடும் மெஷின்களைச் செய்கின்றன. பெயர் மாறினாலும் உள்ளே வேலை நடக்கும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். சின்ன அலுமினியக் காப்ஸ்யூல் போடும் நெஸ்பிரெசோ வகை எங்கே மாறுபடுகிறதோ அங்கே அதையும் சொல்கிறேன்.

முதலில், தண்ணீர் போகும் வழி

எந்த அறிகுறியாக இருந்தாலும் இந்த வழியை மனதில் வைத்துக்கொண்டால் கோளாறு எங்கே என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம். தொட்டியிலிருந்து தண்ணீர் அடியில் உள்ள வால்வு வழியாக இறங்குகிறது. பம்ப் அதை இழுத்து ஹீட்டருக்குத் தள்ளுகிறது. சூடான தண்ணீர் மேல் ஊசி வழியாகப் பாட்டுக்குள் இறங்கி, தூளை நனைத்து, பாட்டின் அடியைக் குத்தி நிற்கும் கீழ் ஊசி வழியாகக் கப்பில் விழுகிறது. தொட்டி, வால்வு, பம்ப், ஹீட்டர், மேல் ஊசி, பாட், கீழ் ஊசி. இவ்வளவுதான் பாதை. இதில் வால்வு, இரண்டு ஊசிகள், ஹீட்டரின் உள்சுவர் ஆகியவைதான் திரும்பத் திரும்ப அடைக்கும் இடங்கள்.

கை வைப்பதற்கு முன் பிளக்கைக் கழற்றி, மெஷின் ஆறும்வரை காத்திருங்கள். மேலும் கீழும் இருக்கும் ஊசிகள் பாட்டைக் குத்திக் கிழிக்கவே செய்யப்பட்டவை, விரலையும் அப்படியே கிழிக்கும். காபி இறங்கிக்கொண்டிருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. 2014 டிசம்பரில் கியூரிக் தன் மினி பிளஸ் மாடலைத் திரும்ப அழைத்தது. அடுத்தடுத்து இரண்டு கப்புக்கு மேல் போடும்போது தண்ணீர் அதிகமாகச் சூடாகி வெளியே பீய்ச்சுவதும், அதில் 90 பேருக்குத் தீக்காயம் பட்டதாகப் புகார் வந்ததும்தான் காரணம். அமெரிக்காவிலும் கனடாவிலும் சேர்த்து 70 லட்சத்துக்கும் மேற்பட்ட மெஷின்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. யாராவது பழைய மினி மெஷினைச் சும்மா கொடுத்தால், அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணைப் பார்த்து, அது அந்தப் பட்டியலில் உண்டா என்று விசாரித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

அறிகுறி: பாதிக் கப்தான் வருகிறது, அல்லது சொட்டுச் சொட்டாக வருகிறது

அதிகம் வரும் கோளாறு இதுதான். பலரும் உடனே டீஸ்கேலரை, அதாவது உப்புப் படிவைக் கரைக்கும் கரைசலை, தேடிப் போகிறார்கள். அது கடைசிப் படி. முதலில் பாட் இல்லாமல் மூடியை மூடி, வெறும் தண்ணீரை ஒரு கப் விடுங்கள். இந்த ஒரு சோதனை பாதையை இரண்டாகப் பிரித்துவிடும்.

வெறும் தண்ணீர் முழுக் கப் வந்தால் தொட்டி, பம்ப், ஹீட்டர், மேல் ஊசி எல்லாம் நன்றாக இருக்கின்றன. குறை பாட்டிலோ கீழ் ஊசியிலோதான். பாட் உட்காரும் கிண்ணத்தை மேல்நோக்கி இழுத்தால் கழன்று வரும். பெரும்பாலான மாடல்களில் அதன் அடிப்பகுதிப் புனலையும் தனியாகப் பிரிக்கலாம். உள்ளே கீழ் ஊசியின் துளையில் தூள் இறுகி உட்கார்ந்திருக்கும். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, துளைக்குள் விட்டுக் கிளறி, குழாயடியில் காட்டுங்கள். தண்ணீர் துளை வழியாக நேராக ஒழுகினால் சுத்தமாகிவிட்டது என்று பொருள்.

வெறும் தண்ணீரும் பாதிதான் வருகிறதா? அப்படியானால் மேலே பாருங்கள். மூடியைத் திறந்து, குனிந்து, மூடியின் உள்பக்கத்தைக் கவனித்தால் மேல் ஊசி தெரியும். அதன் முனையைச் சுற்றிப் பக்கவாட்டில் சின்னத் துளைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் கிளிப்பை மெதுவாக விட்டு ஆட்டுங்கள், வளைக்க வேண்டாம். அப்புறம் பிளக்கைப் போட்டு, பாட் இல்லாமல் இரண்டு கப் தண்ணீர் விட்டால் உதிர்ந்த தூள் வெளியே வந்துவிடும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

இதற்கும் சரியாகவில்லை, பம்ப் சத்தம் மட்டும் வழக்கத்தைவிட உரக்கக் கேட்கிறது என்றால் பம்பில் காற்று புகுந்திருக்கிறது. தொட்டி முழுதாகக் காலியான நிலையில் ஓட்டினாலும், மெஷினை வெகுநாள் சும்மா வைத்திருந்தாலும் இப்படி ஆகும். பிளக்கைக் கழற்றி, ஆறவிட்டு, தொட்டியை எடுத்து வைத்துவிட்டு, மெஷினைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே சாய்த்துப் பிடித்து, அடிப்பக்கத்தை உள்ளங்கையால் சில முறை தட்டுங்கள். சில மாடல்கள் உள்ளேயே எப்போதும் கொஞ்சம் வெந்நீர் வைத்திருக்கும், அதனால்தான் ஆறவிடச் சொல்கிறேன். பிறகு தொட்டியை நிரப்பி, அழுத்தி உட்கார வைத்து, வெறும் தண்ணீர் விட்டுப் பாருங்கள்.

நெஸ்பிரெசோ வகையில் காற்றை வெளியேற்றும் முறை வேறு. காப்ஸ்யூல் இல்லாமல், தொட்டியை நிரப்பி, பெரிய கப் பொத்தானை அழுத்தித் தண்ணீர் வரும்வரை இரண்டு மூன்று முறை ஓட்டினால் பெரும்பாலும் சரியாகும். வரவில்லையென்றால், பிளக்கைக் கழற்றிவிட்டு, தொட்டி உட்காரும் இடத்தில் இருக்கும் துளையில், மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசி இல்லாத சிரிஞ்சால் கொஞ்சம் தண்ணீரைச் செலுத்துங்கள். பம்புக்கு முன்னால் நிற்கும் காற்றை அந்தத் தண்ணீர் தள்ளிவிடும்.

இத்தனையும் செய்த பிறகும் அளவு குறைந்தால்தான் உப்புப் படிவைச் சந்தேகிக்க வேண்டும். முன்பு இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தது இப்போது வெகுநேரம் இழுக்கிறது, கப்புக்குக் கப் அளவு குறைந்துகொண்டே வந்தது என்றால் சந்தேகமே வேண்டாம்.

உப்புப் படிவு நீக்குவது

கெட்டிலின் அடியில் படியும் அதே வெள்ளை ஏடுதான் ஹீட்டருக்குள்ளும் படிகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் சூட்டில் கால்சியம் கார்பனேட்டாக மாறிச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. இதை அமிலம்தான் கரைக்கும். தேய்க்க வழியில்லை.

எவ்வளவு சீக்கிரம் படியும் என்பது நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. லண்டன், ஃபீனிக்ஸ், லாஸ் வேகஸ் தண்ணீர் கடினமானது. நியூயார்க், சியாட்டில், கிளாஸ்கோ தண்ணீர் மென்மையானது. சென்னையில் போர் தண்ணீரை நேரே ஊற்றினால் எந்த மெஷினும் சீக்கிரம் திணறும். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை படிவு நீக்கச் சொல்கிறது கியூரிக். கடினத் தண்ணீர் ஊர்களில் மூன்று மாதம், மென்மையான ஊர்களில் ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். படிவு நீக்கச் சொல்லும் விளக்கு எரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பல மாடல்களில் அந்த விளக்கு ஒரு கணக்குப்படிதான் எரியும், உள்ளே எட்டிப் பார்த்து எரிவதில்லை.

செய்யும் முறை இது. தொட்டிக்குள் கரி ஃபில்டர் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் அளவு சிட்ரிக் ஆசிட் போட்டு முழுதாகக் கரைத்து ஊற்றுங்கள். பாட் இல்லாமல், பெரிய கப் அளவில், தண்ணீர் கேட்கும்வரை ஓட்டிக்கொண்டே இருங்கள். அப்படியே அரை மணி நேரம் விடுங்கள். படிவு கரைவது இந்த அரை மணியில்தான், அவசரப்பட்டுத் தவிர்த்துவிட்டால் செய்த வேலை வீண். பிறகு தொட்டியைக் கழுவி, நல்ல தண்ணீர் ஊற்றி, பன்னிரண்டு கப் அளவுக்கு ஓட்டிக் கொட்டுங்கள். கடைசிக் கப் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தால் புளிப்பு இருக்கக் கூடாது.

சிட்ரிக் ஆசிட்டை இன்னும் கூட்டிப் போட்டால் வேகமாகக் கரையும் என்று நினைக்கத் தோன்றும். வேண்டாம். படிவு அதிகமாக இருக்கும்போது கெட்டியான, சூடான சிட்ரிக் கரைசல் கால்சியம் சிட்ரேட்டாக மாறி, அதுவே புதிதாக ஒரு அடைப்பை உண்டாக்கும். படிவு நிறைய என்றால் இதே அளவில் இரண்டு முறை செய்வதுதான் நல்லது. வினிகர் பற்றியும் கேட்பார்கள். கே-கப் மெஷின்களில் பலர் பாதி வினிகர், பாதி தண்ணீர் விடுகிறார்கள், வேலை நடக்கும், ஆனால் வாடை போகச் சிரமம். நெஸ்பிரெசோவில் வினிகர் ஊற்றவே கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்களைக் கெடுக்கும் என்று நிறுவனமே சொல்கிறது. உத்தரவாதக் காலம் முடியாத மெஷினுக்கு எந்த வகையானாலும் அந்த நிறுவனத்தின் கரைசலையே பயன்படுத்துங்கள்.

படிவு நீக்கியும் விளக்கு அணையவில்லை என்று பலர் பதறுகிறார்கள். மெஷினுக்குள் அதற்கென ஒரு முறை இருக்கிறது. கையேட்டில் சொன்ன பொத்தான்களை அழுத்தி அந்த முறைக்குள் நுழைந்து, கழுவும் கட்டம்வரை முடித்தால்தான் விளக்கு அணையும். சாதாரண கப் அளவில் அமிலத்தை ஓட்டினால் உள்ளே சுத்தமாகும், விளக்குக்குத் தெரியாது.

படிவே வராமல் இருக்க என்ன செய்வது? ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினால் படிவு வெகுவாகக் குறையும். ஆனால் டிஸ்டில்டு தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்கிறது கியூரிக். காபிக்கும் அது ஆகாது. ஸ்பெஷாலிட்டி காபி சங்கம் காபிக்கு ஏற்ற தண்ணீராக லிட்டருக்கு 150 மில்லிகிராம் அளவு டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) உள்ளதைச் சொல்கிறது, 75 முதல் 250 வரை பரவாயில்லை. கொஞ்சமாவது தாது உப்பு இருந்தால்தான் சுவை இறங்கும். ஆர்.ஓ. இல்லாத வீட்டில், தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, அடியில் தங்கும் வெள்ளைத் துகளை விட்டுவிட்டு மேல் தண்ணீரை மட்டும் வடித்து ஊற்றலாம். ஹீட்டரில் படிய வேண்டியதில் ஒரு பங்கு அந்தப் பாத்திரத்திலேயே தங்கிவிடும்.

அறிகுறி: தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் தண்ணீர் கேட்கிறது

பல மாடல்களில் தொட்டிக்குள் காந்தம் வைத்த ஒரு சின்ன மிதவை இருக்கும். தண்ணீர் ஏறினால் அது ஏறும், அதை வைத்துத்தான் மெஷின் தண்ணீர் இருப்பதை அறிகிறது. பாசியோ உப்போ பிடித்து மிதவை கீழேயே ஒட்டிக்கொண்டால் இந்த அறிகுறி வரும். தொட்டியை எடுத்து, சோப்பு நுரையில் கழுவி, ஆட்டிப் பாருங்கள், மிதவை தாராளமாக மேலும் கீழும் போக வேண்டும். தொட்டியின் அடியில் உள்ள வால்வையும் அதன் சல்லடையையும் விரலால் அழுத்தித் தண்ணீர் ஒழுகுகிறதா என்று பாருங்கள். பலமுறை, தொட்டி சரியாக உட்காராததே காரணமாக இருக்கும்.

அறிகுறி: காபி நீர்த்திருக்கிறது

இதில் மெஷின் மேல் குற்றமே இல்லை. கணக்குதான் தப்பு.

ஒரு கே-கப்பில் 9 முதல் 12 கிராம் தூள்தான் இருக்கிறது. நல்ல வடிகாபிக்கு லிட்டருக்கு 55 கிராம் தூள் என்பது பொதுவாக ஒத்துக்கொள்ளப்பட்ட அளவு. 10 கிராம் பாட்டை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். 6 அவுன்ஸ், அதாவது 177 மி.லி. தண்ணீர் விட்டால் லிட்டருக்கு 56 கிராம், கச்சிதம். 8 அவுன்ஸ் பொத்தானை அழுத்தினால் அது 42 ஆகிறது. 10 அவுன்ஸுக்கு 34. 12 அவுன்ஸ் பொத்தானில் 28 கிராம், பாதிதான். அதற்கு மேல் நாம் பாலையும் ஊற்றினால் என்ன மிஞ்சும்? பெரிய கப் பொத்தானை மறந்துவிடுங்கள். பெரிய கப் வேண்டுமென்றால் இரண்டு பாட் போட்டு, இரண்டு முறை 6 அவுன்ஸ் எடுங்கள். ‘ஸ்ட்ராங்’ பொத்தான் இருந்தால் அழுத்தலாம், தண்ணீர் தூளோடு கொஞ்சம் அதிக நேரம் இருக்கும். ஆனால் தூள் கூடப்போவதில்லை.

பால் காபி குடிக்கிறவர்களுக்கு என் யோசனை, இருப்பதிலேயே சிறிய அளவை, 4 அவுன்ஸோ 6 அவுன்ஸோ, எடுத்து, தனியாகக் காய்ச்சிய கெட்டிப் பாலைக் கொஞ்சமாகச் சேர்ப்பது. நெஸ்பிரெசோவில் 40 மி.லி. எஸ்பிரெசோ எடுத்து அதோடு 100 மி.லி. காய்ச்சிய பால் சேர்த்தால் டிகாஷன் காபிக்கு இன்னும் நெருக்கமாக வரும்.

தொட்டியில் தண்ணீருக்குப் பதில் பாலை ஊற்றினால் என்ன என்று கேட்கிறவர்கள் உண்டு. எக்காரணம் கொண்டும் ஊற்றாதீர்கள். ஹீட்டரில் பால் தீய்ந்து ஒட்டினால் எந்த அமிலமும் அதை எடுக்காது. அந்த மெஷின் போனது போனதுதான்.

அறிகுறி: கப்பின் அடியில் தூள் தங்குகிறது

கடையில் வாங்கிய பாட் என்றால், கீழ் ஊசி அடைத்து உள்ளே அழுத்தம் ஏறி, மேல் ஃபாயிலோ உள் ஃபில்டரோ கிழிந்து தூள் வெளியேறுகிறது. ஊசிகளைச் சுத்தம் செய்யுங்கள், நின்றுவிடும்.

நிரப்பிக்கொள்ளும் சல்லடைப் பாட்டில் நம் ஊர் ஃபில்டர் காபித்தூளைப் போடுகிற வீடுகளில் காரணம் வேறு. பித்தளை ஃபில்டரில் வெந்நீர் தன் எடையால் மெதுவாக, வெகுநேரம் எடுத்து இறங்குகிறது. அதனால் அந்தத் தூளை நைசாக அரைக்கிறார்கள், சிக்கரியும் கலக்கிறார்கள். பாட் மெஷினுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. நைஸ் தூள் சல்லடையை அடைக்கிறது, சிக்கரி ஊறிப் பிசுபிசுவென்று அதை இன்னும் இறுக்குகிறது. அழுத்தம் ஏறித் தண்ணீர் தூளைச் சுற்றிக்கொண்டு ஓரமாக வழிகிறது. ஒரே நேரத்தில் தூளும் தங்கும், காபியும் நீர்த்துப்போகும். சிக்கரி கலக்காத, நடுத்தரமாக அரைத்த தூளை வாங்கி, சல்லடைப் பாட்டில் கோடு வரை மட்டும், அழுத்தாமல் போடுங்கள். சிக்கரி மணம் இல்லாமல் முடியாது என்றால் அந்தத் தூளுக்கு ஃபில்டர்தான் சரியான இடம்.

அறிகுறி: காபி சூடாக இல்லை

கியூரிக் தண்ணீரைச் சுமார் 89 டிகிரி செல்சியஸுக்குத்தான் சூடாக்குகிறது. கொதிக்கக் கொதிக்க டம்ளரில் ஆற்றிக் குடித்துப் பழகிய நமக்கு அதுவே குறைவாகத் தோன்றலாம், கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம். கப்பில் விழுந்து 80 டிகிரியில் நிற்கும் 180 மி.லி. காபியில், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த 60 மி.லி. பாலை ஊற்றினால் 61 டிகிரிக்கு இறங்கிவிடும். அதே பாலை 60 டிகிரிக்குச் சூடாக்கி ஊற்றினால் 75-இல் நிற்கும். ஆகவே பாலைச் சூடாக்குங்கள். காலையில் முதல் கப்புக்கு முன் பாட் இல்லாமல் ஒரு சிறு கப் வெந்நீர் விட்டால் கப்பும் சூடாகும், உள்ளே இருக்கும் குழாய்களும் சூடாகும்.

முன்பு சூடாக இருந்தது, இப்போது இல்லை என்றால் அது பெரும்பாலும் படிவு. டென்வர் போல 5,000 அடிக்கு மேல் உள்ள ஊர்களில், தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால், மெஷின் விசித்திரமாக நடந்துகொள்ளலாம். சில மாடல்களில் உயர்ந்த இடத்துக்கான அமைப்பு ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள்.

அறிகுறி: அடியில் தண்ணீர் கசிகிறது

முதலில் சொட்டுத் தட்டு நிரம்பி வழிகிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் அதுதான். அப்புறம் தொட்டி வால்வைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம். அதில் தூளோ பூனை முடியோ ஒட்டியிருந்தாலும் கசியும். துடைத்து மாட்டுங்கள். மூடியைச் சுற்றிக் காபி பீறிட்டால், மேல் ஊசியைச் சுற்றியுள்ள ரப்பர் காய்ந்து வெடித்திருக்கிறது. அந்த ரப்பர் மட்டும் தனியாகக் கிடைக்கும், கையால் இழுத்து மாற்றிவிடலாம். நெஸ்பிரெசோவில், வேறு நிறுவனத்தின் பிளாஸ்டிக் காப்ஸ்யூல் சரியாகக் குத்துப்படாமல் தண்ணீர் முழுவதும் பயன்படுத்திய காப்ஸ்யூல் விழும் டப்பாவுக்குள் போய்விடுவதும் உண்டு. ஒரு பெட்டி வாங்கி அப்படி ஆனால், அடுத்த பெட்டி வாங்காதீர்கள்.

உள்ளிருந்து, எங்கிருந்து என்று தெரியாமல் கசிந்தால் பிளக்கைக் கழற்றுங்கள். மின்சாரமும் தண்ணீரும் சேரும் இடத்தில் சோதனை செய்து பார்க்க ஒன்றுமில்லை.

அறிகுறி: வாடை அடிக்கிறது, சுவை கசக்கிறது

பயன்படுத்திய பாட்டை உள்ளேயே விட்டுவிடுவதுதான் பெரிய காரணம். ஈரமும் சூடும் காபித்தூளும் சேர்ந்த இடத்தில் பூஞ்சை வர அதிக நாள் ஆகாது. கப்பை எடுக்கும்போதே பாட்டையும் எடுத்துவிடுகிற பழக்கம் வந்துவிட்டால் இந்தக் கோளாறில் பாதி தீரும். தொட்டித் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், இருப்பதற்கு மேலேயே ஊற்றிக்கொண்டு போகாதீர்கள். கரி ஃபில்டரை இரண்டு மாதத்துக்கு ஒன்று மாற்ற வேண்டும். மாற்ற மனமில்லை என்றால் எடுத்தே விடுங்கள், பழைய ஃபில்டர் இருப்பதைவிட இல்லாதது மேல்.

ஊருக்குப் போகிறீர்களா? கிளம்பும்போது தொட்டியைக் காலி செய்து, காயவைத்து, மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் பாட் இல்லாமல் சில கப் வெந்நீரை விட்டுக் கொட்டிய பிறகுதான் குடிக்க வேண்டும்.

அறிகுறி: உயிரே இல்லை

வேறு பிளக்கில் போட்டுப் பாருங்கள். சமையலறையில் ஒரே இணைப்பில் மைக்ரோவேவும் இதுவும் ஓடினால் சர்க்யூட் பிரேக்கர் விழுந்திருக்கலாம், இந்த மெஷின்கள் 1,500 வாட் வரை இழுப்பவை. தனியாகப் போட்டாலும் பிரேக்கர் விழுகிறது, அல்லது கருகிய வாடை வருகிறது என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே ஹீட்டரோ வயரோ போய்விட்டது. உத்தரவாதம் இருந்தால் நிறுவனத்திடம் கேளுங்கள், பலமுறை புதிதே அனுப்பிவிடுகிறார்கள்.

நம்மவர்கள் வீட்டில் மட்டும் நடக்கும் ஒரு வகைச் சாவு உண்டு. அமெரிக்காவிலிருந்து பெற்றோருக்குப் பரிசாகக் கொண்டுவந்து, சென்னையிலோ மதுரையிலோ ஓர் அடாப்டர் முனையை மாட்டி 230 வோல்ட்டில் சொருகுவது. அடாப்டர் முனை பிளக்கின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. 120 வோல்ட்டுக்குச் செய்த ஹீட்டருக்கு ஏறக்குறைய இரு மடங்கு வோல்ட் போனால் ஏறக்குறைய நான்கு மடங்கு மின்திறன் ஏறும், உடனே போய்விடும். 1,500 வாட்டைத் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கலாம், ஆனால் அது கனமானது, விலையும் கூடுதல். நெஸ்பிரெசோ வகைகளில் பம்ப் மின்சாரத்தின் அதிர்வெண்ணோடு சேர்ந்து இயங்குவது என்பதால், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்ததை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் அதன் வேலையும் மாறிவிடும். இந்தியாவில் பயன்படுத்தப்போவதை இந்தியாவிலேயே வாங்கிக் கொடுங்கள்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது

மேலே சொன்ன பாதையில் எத்தனை இடம் உங்கள் கைக்கு எட்டுகிறது என்பதுதான் முதல் கேள்வி. கடையில் மூடியைத் திறந்து, பாட் கிண்ணத்தை வெளியே இழுத்துப் பாருங்கள். புனல் பிரிகிறதா? மேல் ஊசி கண்ணுக்குத் தெரிகிறதா? தொட்டி முழுதாகக் கழன்று, கை உள்ளே போகுமளவு வாய் அகலமாக இருக்கிறதா? கழற்ற முடியாத தொட்டி உள்ள மெஷினை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும். வண்ணத் திரை, செயலி இணைப்பு எல்லாம் இருந்தால் இருக்கட்டும், அவை எதுவும் ஊசியைச் சுத்தம் செய்யாது.

சிறிய கப் அளவு எது என்று பாருங்கள். 6 அவுன்ஸோ அதற்குக் குறைவோ இல்லாத மெஷினில் நல்ல காபி எடுப்பது கடினம். எல்லா நிறுவனத்தின் பாட்டையும் ஏற்குமா என்பதையும் கேளுங்கள். 2014-இல் வந்த கியூரிக் 2.0 தன் அனுமதி பெற்ற பாட்டை மட்டுமே ஏற்றது, வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள். நெஸ்பிரெசோவின் வெர்ட்டுவோ வகை காப்ஸ்யூலின் விளிம்பில் உள்ள பார்கோடைப் படித்துத்தான் ஓடும். அதன் பழைய ஒரிஜினல் வகைக்கோ பல நிறுவனங்களின் காப்ஸ்யூல்கள் கிடைக்கின்றன. உங்கள் ஊரில் எந்தப் பாட் எளிதாகக் கிடைக்கிறதோ அதற்கேற்ற மெஷினை வாங்குவதே புத்திசாலித்தனம்.

வீட்டில் ஆளுக்கொரு நேரம் எழுந்து, ஆளுக்கொரு சுவை கேட்கிறார்கள் என்றால் பாட் மெஷின் உண்மையாகவே உதவும். வேலைக்கு ஓடும் காலையில் அது பெரிய வசதி. ஆனால் வீட்டில் ஒரே ஆள், தினமும் ஒரே பால் காபி, அதுவும் சிக்கரி மணத்தோடு வேண்டும் என்றால், ஒரு கப் அளவுச் சின்ன எவர்சில்வர் ஃபில்டரை வாங்கி, இரவே டிகாஷன் போட்டு வையுங்கள். அதிலும் ஒரே ஒரு கோளாறுதான் வரும், மேல் தட்டின் துளைகள் அடைத்துக்கொள்ளும். காலியான தட்டை அடுப்புத் தீயில் சில நொடி காட்டி, தட்டிவிட்டுக் கழுவினால் அதுவும் சரி.